சீதேவிப்பிள்ளையின் சுட்டுவிரல்

சீதேவிப்பிள்ளை அக்காவுக்குக் கண்கள் பன்னிரண்டு. இது அவரே சொல்லும் கணக்கு. முகத்தில் இரண்டு, கைவிரல்களில் பத்து. என்னிடம் அவர் வந்து சேர்ந்தபோது அந்தப் பத்தில் ஒன்று அவிந்து போயிருந்தது.

ஊர் பனிச்சங்கேணி. கல்யாணம் முடித்த காலத்திலிருந்தே கடலோடு சேரும் களப்பில் இறால் தடவுகிறவர். வலையும் இல்லை, தோணியும் இல்லை. இடுப்பில் உமல் என்கிற பனையோலைப் பையைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குந்தியிருந்து, இரண்டு கைகளையும் அடிச்சேற்றில் பரப்பித் தடவிக்கொண்டே நகர வேண்டும். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. படுவது இறாலா, ஊரி நத்தையா, கண்டல் வேரா என்று விரல்தான் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு அமுக்கிப் பிடிக்கவும் வேண்டும். அந்தப் பக்கத்துப் பெண்கள் பலர் இதைச் செய்கிறார்கள். ஆனால் சீதேவி அக்கா இறங்கிய இடத்தில் மற்றவர்கள் இறங்கமாட்டார்களாம், தங்களுக்கு எதுவும் மிஞ்சாது என்று. இதைச் சொன்னதும் அவர்தான். தன் பெருமையைத் தானே சொல்வதில் அவருக்குக் கூச்சம் கிடையாது.

என் பெயர் நிஸ்றா. ஓட்டமாவடி. ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவர். அந்தச் சொல் யாருடைய வாயிலும் நுழையாததால் நான் எல்லோருக்கும் 'எக்சசைஸ் மிஸ்'. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குட்டை. நோயாளிகளை ஏசுவேன். ஏசிய பிறகு அவர்கள் கையைக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு மனம் வருந்துவேன். இரண்டும் என் வேலையோடு சேர்ந்தவை என்று இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது.

பாலத்தடியில் படம் எடுக்க வந்த யாரோ குடித்துவிட்டுக் களப்பில் எறிந்த போத்தல், சேற்றுக்குள் உடைந்து கிடந்திருக்கிறது. சீதேவி அக்கா தடவிக்கொண்டு போனபோது வலது கையில், சுட்டுவிரல் உள்ளங்கையோடு சேரும் இடத்தில், ஒரே இழுவையாக வெட்டிவிட்டது. எங்கள் முஸ்லிம் வீடுகளில், தொழுகையில் உயர்த்தும் அந்த விரலைக் கலிமா விரல் என்போம். எறிந்தவன் என்றைக்காவது முதுகு பிடித்து என் கட்டிலுக்கு வந்தால், அவனுக்கு நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நடந்தது. தைத்து, கைக்குப் பிளாஸ்டிக் தாங்கு போட்டு, உடனேயே என்னிடம் பயிற்சிக்கு வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் வரவில்லை. வந்தபோது காயம் அழகாக மூடி, தையல் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு மட்டும் இருந்தது. விரலோ ஈர்க்கில் மாதிரி நேராக நின்றது. மடக்கச் சொன்னேன். மற்ற நான்கும் மடங்கின. அது மடங்கவில்லை.

"ஏன் அக்கா இவ்வளவு நாளா வரல்ல? ஒவ்வொரு நாளும் அசைக்கச் சொல்லித்தானே அனுப்பின?"

"சொன்னாங்க மிஸ். ஆனா டொக்டர் கடைசியா ஒண்டு சொன்னாரு. நரம்பு வளர மாசக்கணக்காகும், பொறுமையா இருங்க எண்டு. வளர்ற நரம்பப் போய் ஆட்டலாமா? முளைக்கப் போட்ட பயித்தங்கொட்டையக் கிண்டிக் கிண்டிப் பாப்பாங்களா, சொல்லுங்க?"

வாசலில் நின்ற அவருடைய கணவர் அழகரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். தச்சு வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். "நான்தான் மிஸ் அசைய விடல்ல," என்றார். "சோறு கறியெல்லாம் நான்தான் ஆக்கினன். தேங்கா திருவவும் விடல்ல."

"அந்தக் கறியத் திண்டுதான் மிஸ் நான் மெலிஞ்சு போனன்," என்றார் சீதேவி அக்கா.

ஏசுவதற்கு வாயைத் திறந்த நான், யாரை ஏசுவதென்று தெரியாமல் மூடிக்கொண்டேன். ஊசி ஏற்றினால் 'நரம்பில் ஏற்றினார்கள்' என்கிறோம். அது இரத்தக்குழாய். நாட்டுக்கோழியைச் சாப்பிடும்போது பல்லில் இழுபடும் வெள்ளை நாரையும் நரம்பு என்கிறோம். தொட்டால் தெரிவதும், சுட்டால் கையை இழுக்கச் சொல்வதும் நரம்புதான். பொருள் மூன்று, பெயர் ஒன்று. டொக்டர் சொன்னது உணர்ச்சியைக் கொண்டுவரும் நரம்பை. அக்கா கேட்டது விரலை இழுக்கும் நரம்பை. இரண்டு பேரும் நல்ல தமிழில்தான் பேசியிருக்கிறார்கள். நடுவில் ஒரு விரல் விறைத்துப்போய்விட்டது.

"எனக்கு ஆத்துக்குப் போக ஏலுமா, ஏலாதா? அத மட்டும் சொல்லுங்க மிஸ்," என்றார் அவர். களப்பை அவர்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள்.

"அது இந்த விரல் சொல்லணும்," என்றேன். "முதல்ல இதுக்குள்ள என்ன இரிக்கி எண்டு தெரிஞ்சுகொள்ளுங்க."

பேனையை எடுத்து அவர் கையிலேயே கீறத் தொடங்கினேன். நம் உடம்பில் ஒரே மாதிரியான கலங்கள், அதாவது செல்கள், கூட்டமாகச் சேர்ந்து ஒரு வேலையைப் பொறுப்பெடுத்தால் அதற்கு இழையம் என்று பெயர். வகைகள் ஏராளம் இருந்தாலும் பெரிய குடும்பம் நான்குதான். அந்த ஒரு வெட்டால் நான்கு குடும்பமும் பாதிக்கப்பட்டிருந்தது. மேலே தெரிவது மேலணி இழையம். கலங்கள் இடைவெளி விடாமல் நெருங்கி இருந்து உடம்பை மூடுகின்றன. வெளியே இருப்பதை உள்ளே விடாமலும், உள்ளே இருப்பதை வெளியே விடாமலும் காப்பது அதுதான். வாயின் உள்பக்கத்திலும் குடலிலும்கூட அதுதான் விரித்திருக்கிறது. அங்கே சாப்பாட்டின் சத்தை உறிஞ்சி எடுப்பதும் அதன் வேலை. தேய்வதும் புதிதாக உண்டாவதும் அதற்குப் பழக்கம். வெட்டின் இரண்டு கரையிலிருந்தும் புதிய கலங்கள் நகர்ந்து வந்து சீக்கிரமே சந்தித்துக்கொள்ளும்.

"அதாலதான் காயம் கெதியா மூடிட்டு. மூடினதப் பாத்து எல்லாம் சுகம் எண்டு நினைக்கப்பிடாது. அது மேல்வீடு மட்டும்தான்."

"கீழ்வீட்டுல என்ன நடக்குது?"

கீழே நடந்ததுதான் வினை. விரலை மடக்கும் தசை விரலில் இல்லை என்பதை அவர் நம்ப மறுத்தார். அவருடைய இடது கையை எடுத்து, முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, விரலை மடக்கி நீட்டச் சொன்னேன். முன்கையின் உள்ளே தசை உருண்டு அசைவது அவர் கண்ணுக்கே தெரிந்தது. "அடியே!" என்று தன் கையைப் பார்த்துச் சொன்னார். தசை இழையத்துக்குச் சுருங்கி இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அந்த இழுவையை விரல் எலும்புவரை கொண்டுபோவது ஒரு வெள்ளைக் கயிறு. அதற்கு நரம்பு என்று சொல்லக் கூடாது, நாண் என்று சொல்ல வேண்டும் என்றேன்.

"அரைநாண் மாதிரியா?"

"அதே நாண்தான். அது அறுந்துதான் தைச்சிரிக்கி."

நாண் தொடுப்பிழையக் குடும்பம். பேருக்கு ஏற்ற மாதிரி தொடுத்துக் கட்டுகிற குடும்பம். எலும்பு, கொழுப்பு, காதுமடலில் வளைகிற குருத்தெலும்பு எல்லாம் அதன் பிள்ளைகள். இரத்தமும் அந்தக் குடும்பம்தான் என்றதும் சீதேவி அக்கா அழகரத்தினத்தைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீங்களா, ஓடுறதும் கட்டுறதும் ஒரே குடும்பமாம். நம்மட ரெண்டு பேரையும் போல," என்றார். தழும்பும் அந்தக் குடும்பமே. காயத்தை ஒட்டும் வேலையை ஒழுங்காகச் செய்யும். ஆனால் எங்கே நிறுத்துவதென்று அதற்குத் தெரியாது. தைத்த நாணை மெல்ல மெல்ல அசைத்து வழுக்க விட்டுக்கொண்டே இருந்திருந்தால் நாண் தப்பியிருக்கும். அசையாமல் வைத்திருந்ததால், பக்கத்தில் இருந்த எல்லாவற்றோடும் சேர்த்து நாணையும் ஒட்டிவிட்டது.

சீதேவி அக்கா விரலைப் பார்த்தார். "அப்ப நாங்க பொத்திப் பொத்தி வச்சுத்தான் கெடுத்திருக்கிறம்," என்றார். அழகரத்தினம் வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு கிழமையும் தவறவில்லை. பஸ்ஸில் கணவனும் மனைவியுமாக வருவார்கள். நான் தழும்பை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பேன், மூட்டு மூட்டாக மடக்குவேன். உள்ளங்கையில் அவருக்கு உயிர் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு என் குடும்பத்தைப் பற்றியெல்லாம் விசாரிப்பார். வீட்டில் அழகரத்தினம் நான் காட்டிக்கொடுத்தபடி காலையும் மாலையும் அந்த விரலை மடக்கிவிட்டார். மரம் சீவுகிற கை அது. ஆனால் அவர் அந்த விரலைப் பிடிப்பதைப் பார்த்தால், முட்டையை எடுக்கிறாரா என்று தோன்றும். மெலிந்திருந்த முன்கை கொஞ்சம் கொஞ்சமாகப் புடைத்து வந்தது. தசைக்கு வேலை கொடுத்தால் போதும், மறந்த உறவையும் ஏற்றுக்கொள்ளும். ஒருநாள் விரல்நுனி உள்ளங்கையைத் தொட்டது. முழு மடிப்பு இல்லை, ஆனாலும் பிடிக்கப் போதும். சீதேவி அக்கா அந்தக் கையாலேயே என் கன்னத்தைத் தடவி விரலைச் சொடுக்கினார்.

"அப்ப நான் ஆத்துக்குப் போகலாம்."

"நாலாவது குடும்பம் இன்னும் வரல்லயே அக்கா," என்றேன்.

விரலின் உள்பக்கமும், அடுத்த நடுவிரலின் ஓரத்தில் கொஞ்சமும் அவருக்கு மரத்துப்போயிருந்தன. வெட்டுப்பட்ட உண்மையான நரம்பு இது. நரம்பிழையத்தின் வேலை சேதி கொண்டுபோவது. விரல்நுனியில் பட்டதை மூளைக்குச் சொல்லும். மூளை சொன்னதைத் தசைக்குச் சொல்லும். அறுந்தால், வெட்டுக்கு அப்பால் விரல் பக்கம் இருக்கும் இழை செத்துப்போகும். அது கிடந்த வெறுங்குழாய் மட்டும் மிஞ்சும். கைப்பக்கத்து நுனியிலிருந்து புதிய இழை தளிர்விட்டு, அந்தக் குழாயைத் தேடிப் பிடித்து, நகர்ந்து போக வேண்டும். நல்ல நாளில் ஒரு மில்லிமீற்றர் போகும். டொக்டர் பொறுக்கச் சொன்னது இதற்குத்தான். இதை அசைத்து வளர்க்கவும் முடியாது, அதட்டி வளர்க்கவும் முடியாது. சிலருக்கு முழுதாக வரும், சிலருக்கு அரைகுறையாக வரும், வராமலும் போகும். அதையும் நான் மறைக்காமல் சொன்னேன்.

அந்த விரல்நுனியில் ஒரு கொப்புளத்தைக் கண்டதும் அன்றுதான். அடுப்பில் சட்டியைத் தொட்டிருக்கிறார், தெரியவில்லை. பக்கத்தில் காய்ந்துபோன ஒரு கீறல். அதுவும் எப்போது வந்ததென்று தெரியாது.

"நோகல்லயா?"

"ஒண்டும் தெரியுதில்ல மிஸ். நோகாட்டி நல்லந்தானே?"

அன்று நான் நன்றாகவே ஏசினேன். நோவு என்பது காவல்காரன். அவன் இல்லாத விரலோடு சேற்றுக்குள் போனால் இன்னொரு போத்தல் துண்டு எலும்புவரை இறங்கினாலும் தெரியாது என்றேன். நுனியில் உணர்ச்சி வரும்வரை களப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றேன். அழகரத்தினத்திடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மனுஷன் சொன்னால் சொன்னதுதான். அக்காவைத் தண்ணீரில் கால் நனைக்கவும் விடவில்லை.

உணர்ச்சியைச் சோதிக்க என்னிடம் மெல்லிய நைலோன் நூல் ஒன்று உண்டு. நோயாளி கண்ணை மூட வேண்டும். நான் நூல்நுனியால் விரலைத் தொடுவேன். தெரிந்தால் 'ஓம்' சொல்ல வேண்டும். மாதங்கள் போயின. விரலின் அடிப்பக்கம் 'ஓம்' ஆனது. பிறகு நடு மூட்டு. நுனி மட்டும் பேசாமல் கிடந்தது.

மழை தொடங்கி, களப்பில் இறால் ஏறுகிற பருவம் வந்தது. அந்தக் கிழமை சீதேவி அக்கா நாற்காலியில் உட்காரும்போதே கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப?" என்றேன்.

"ஓம் மிஸ், தெரியுது."

"இப்ப?"

"ஓம். நல்லாத் தெரியுது. நுனியில."

நூல் என் கையில் அந்தரத்தில் நின்றது. நான் இன்னும் தொடவே இல்லை.

"கண்ணத் துறங்க அக்கா."

திறந்தார். நூலைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த வெறும் காற்றைப் பார்த்தார். அழகரத்தினம் சுவரில் ஓடிய மின்விசிறியை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

"பிடிச்சிட்டீங்க," என்றார். பிறகு முதல்தடவையாக 'மிஸ்'ஸை விட்டார். "நீங்க ஓம் எண்டு சொன்னாத்தானே மகள் இவர் என்ன விடுவாரு. எல்லாப் பொம்பிளையளும் விடிய என்ட வாசலாலதான் போறாளுகள். முந்தி எண்டா 'எழும்பினியா சீதேவி' எண்டு கத்துவாளுகள். இப்ப சத்தம் போடாம, மெல்லமாப் போறாளுகள், எனக்குக் கவலையா இருக்குமாம். ஒருத்தியும் என்ன ஏசுறாளில்ல. எல்லாரும் நல்லாத்தான் நடக்கிறாங்க. அதுதான் தாங்க ஏலாம கிடக்கு."

நான் அந்த விரலை என் கைக்குள் வைத்துக்கொண்டேன். நான் பிடித்திருப்பது அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதனால் மற்றக் கையையும் சேர்த்துப் பிடித்தேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏச்சுக்காரி அழுதால் ஆஸ்பத்திரியில் மரியாதை போய்விடும்.

அதற்குப் பிறகு வேறு பயிற்சி தொடங்கினேன். ஒரு கிண்ணத்தில் அரிசி, ஒன்றில் மணல், ஒன்றில் பஞ்சு. கண்ணை மூடி அந்த விரலால் தடவிப் பார்த்து எது என்று சொல்ல வேண்டும். பிழையென்றால் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே தடவி, மறுபடி மூட வேண்டும். நரம்பு வந்து சேர்ந்தாலும், அது கொண்டுவரும் சேதியை வாசிக்க மூளை பழகியிருக்க வேண்டும் அல்லவா. அவர் மூன்றையும் மாற்றி மாற்றிப் பிழையாகச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் பொய் சொல்லவில்லை. நூல் தொட்டது தெரியாமல் "இல்ல" என்பார், தொடாததற்கும் "இல்ல" என்பார். ஒவ்வோர் 'இல்ல'யும் என் நெஞ்சில் விழுந்தது.

ஒரு புதன்கிழமை, அவருக்கு வரச் சொல்லாத நாள், இருவரும் வந்து நின்றார்கள். அழகரத்தினத்தின் கையில் மூடிபோட்ட பெயின்ட் வாளி. அறை முழுக்கச் சேற்று வாடை.

"இதென்ன, மீன் சந்தையா?" என்று தொடங்கினேன்.

"கொஞ்சம் பொறுங்க மகள். பிறகு ஏசுங்க," என்றார் சீதேவி அக்கா.

வாளியைத் திறந்தார்கள். களப்புத் தண்ணீர், அடியில் கரும்சேறு, அதற்குள் எங்கேயோ உயிரோடு இறால்கள். பயிற்சிக்கு வந்திருந்த முழங்கால்காரர்களும் தோள்பட்டைக்காரர்களும் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்கள். சீதேவி அக்கா நிலத்தில் குந்தினார். கண்ணை மூடினார். வலது கையை மெல்ல உள்ளே விட்டார். விரல்கள் சேற்றில் பரவுவதைத் தோள் அசைவில் கண்டுகொண்டேன். அப்படி ஓர் அமைதியை அவர் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ஆ!" என்று கையை வெளியே இழுத்தார். "நோகுது மகள்!"

"எங்க?"

"இறால் தலமுள்ளால குத்திட்டுது. நேத்துக் கறிக்கு இறால் கழுவக்குள்ளயும் இப்பிடித்தான். எனக்கே நம்ப ஏலாமத்தான் உங்களுக்கு முன்னால செய்து காட்ட வந்தனான். நடுவிரல்ல, நுனியில. அந்த மரத்த விரல் இல்ல, நடுவிரல்லதான். ஆனா நேத்துப் பாத்தா அங்க காயத்தக் காணல்ல."

நான் கையை வாங்கிப் பார்த்தேன். நடுவிரல் சுத்தமாக இருந்தது. சுட்டுவிரலின் நுனியில், மிளகு அளவில், ஒரு துளி இரத்தம்.

"அக்கா, கண்ணத் துறந்து பாருங்க. குத்தினது இஞ்ச."

அவர் பார்த்தார். சுட்டுவிரலைப் பார்த்தார், நடுவிரலைத் தொட்டுப் பார்த்தார், மறுபடி சுட்டுவிரலைப் பார்த்தார். நான் சொன்னேன்: வெட்டின் இந்தப் பக்கத்திலிருந்து வளர்ந்த இழைகள் சில வேளை பழைய குழாயை விட்டு வேறு குழாய்க்குள் போய்விடும். நடுவிரலுக்குரிய ஓர் இழை இந்த விரலுக்கு வந்திருக்கிறது. சேதி வந்துவிட்டது, ஆனால் மூளை அதைப் பக்கத்து விரலின் சேதி என்று நினைக்கிறது. பழகப் பழகச் சரிவரும். முற்றாகச் சரிவராமலும் இருக்கலாம்.

"வரட்டும் மகள்," என்றார். "வழி தெரியாமப் பக்கத்து வீட்டுக்குப் போன புள்ள எண்டாலும் நம்மட புள்ளதானே. கூட்டிக்கொண்டு வந்திடலாம்."

என் வேலையில் காலை முதல் மாலைவரை காதில் விழுகிற ஒரே சொல் 'நோகுது'. அதைக் கேட்டுக் கேட்டு நான் சலித்துப்போனவள். அன்று நான் நிலத்தில் அவருக்குப் பக்கத்தில் குந்தி, "இன்னொருக்கா சொல்லுங்க அக்கா," என்றேன்.

"நோகுது," என்றார். "நல்லா நோகுது." முழங்கால்காரர்கள் கைதட்டினார்கள். எனக்கு வந்த அழுகையை நான் இம்முறை அடக்கவில்லை. மரியாதை போனால் போகட்டும்.

ஆற்றுக்குப் போகலாமா என்று சீதேவி அக்கா கேட்கவே இல்லை. வாளியை மூடிக்கொண்டிருந்த அழகரத்தினம்தான் நிமிர்ந்து கேட்டார்.

"அப்ப மிஸ், இவவ நாளைக்கு விடலாமா?"

"விடுங்க அண்ணன்," என்றேன். "தனிய இல்ல, மற்றப் பொம்பிளையளோட."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். சீதேவி அக்கா குத்துப்பட்ட விரலை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டே பின்னால் போனார்.